மேல்சபையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

2020ஆம் ஆண்டு செப்டம்பர் 20ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. பூந்தமல்லி, ஆவடி வட்டாரத்து விவசாயிகளுக்கு அப்போது காய்கறிச் சந்தை என்றால் திருமழிசைதான். கொரோனா நோய் பரவியதால் கோயம்பேடு மார்க்கெட் அந்த ஆண்டு மே மாதம் 5ஆம் தேதி மூடப்பட்டது. மொத்த வியாபாரம் திருமழிசையில் போட்ட தாற்காலிகக் கடைகளுக்கு மாறியது. மழை பெய்தால் அங்கே முழங்கால் அளவு சேறு. விற்காத காய் அங்கேயே அழுகியது. செப்டம்பர் 28ஆம் தேதிதான் காய்கறி வியாபாரம் மறுபடியும் கோயம்பேட்டுக்குத் திரும்பியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணிக்கு டில்லியில் ராஜ்ய சபா கூடியது. விவசாயி தன் விளைபொருளை எங்கே, யாருக்கு, எந்த நிபந்தனையில் விற்பது என்பது பற்றிய இரண்டு மசோதாக்கள் அன்று பகல் முடிவதற்குள் நிறைவேறிவிட்டன. அந்தச் சட்டங்கள் இன்று இல்லை. எனினும், அவை நிறைவேறிய விதத்தைச் சிறு விவசாயிகள் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

முதலாவது, விளைபொருள் வியாபார மசோதா. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தின் எல்லைக்கு வெளியே எந்த இடத்திலும் விளைபொருளை வாங்கலாம், விற்கலாம்; அங்கே சந்தைக் கட்டணம் கிடையாது; வருமான வரித் துறையின் பான் அட்டை வைத்திருக்கும் எவரும் வாங்க வரலாம். பணத்தை அன்றே தரவேண்டும். முடியாவிட்டால் மூன்று வேலை நாட்களுக்குள் தரவேண்டும். இரண்டாவது, ஒப்பந்த சாகுபடி மசோதா. விதைப்பதற்கு முன்பே விலை பேசி எழுதிக்கொள்ள அது வழி செய்தது. இரண்டிலும் ஓர் அம்சம் பொது. தகராறு வந்தால் விவசாயி சிவில் கோர்ட்டுக்குப் போக முடியாது. கோட்டாட்சியரிடம்தான் முறையிட வேண்டும். பட்டா மாறுதலுக்கும் வாரிசுச் சான்றுக்கும் தாலுகா ஆபீசில் நடையாய் நடந்தவர்களுக்கு, ஒரு பெரிய கம்பெனியின் மீது அதே வருவாய்த் துறையில் வழக்குச் சொல்வது எப்படி இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பூந்தமல்லிக்காரர் தம் கீரைக் கட்டையும் கத்தரிக்காயையும் எங்கே வேண்டுமானாலும் விற்க முன்பும் தடை இருந்ததில்லை. கோயம்பேட்டில் போடலாம், உழவர் சந்தையில் போடலாம், கொல்லைக்கே வரும் வியாபாரிக்கும் கொடுக்கலாம். அவருடைய கஷ்டம் வேறு. கீரை மாலைக்குள் வாடிவிடும். விடிவதற்குள் விற்றாக வேண்டும். வண்டி வாடகை, இறக்குக் கூலி, கமிஷன் எல்லாம் போக மிச்சத்தைத்தான் வீட்டுக்குக் கொண்டு வரவேண்டும். இவற்றில் எதையும் அந்த மசோதா தொடவில்லை. பஞ்சாப் விவசாயியின் நிலைமையோ முற்றிலும் மாறானது. அவருடைய கோதுமையும் நெல்லும் மண்டி வழியாகவே சர்க்கார் கொள்முதலுக்குப் போகின்றன. மண்டிக்கு வெளியே கட்டணமில்லாத வியாபாரம் வளர்ந்தால் மண்டி நலியும், மண்டி நலிந்தால் ஆதார விலையும் பேச்சளவில் நின்றுவிடும் என்று அவர் பயந்தார். ஒப்பந்த சாகுபடிக்குத் தமிழ்நாடு 2019லேயே தனியாக ஒரு சட்டம் செய்து, ஜனாதிபதியின் சம்மதமும் பெற்றிருந்தது.

இப்படி மாநிலத்துக்கு மாநிலம் நிலைமை வேறுபடுவதால்தான் அரசியல் சட்டம் விவசாயத்தையும் சந்தைகளையும் மாநிலப் பட்டியலில் வைத்திருக்கிறது. உணவுப் பொருள் வியாபாரம் பொதுப் பட்டியலில் இருக்கிறது என்ற ஒரு பிடியைக் கொண்டுதான் மத்திய சர்க்கார் இந்த மசோதாக்களைக் கொண்டு வந்தது. அது செல்லுமா என்பது வக்கீல்களின் வாதம். ஆனால் இத்தகைய மசோதாவை மாநிலங்களின் கண் கொண்டு பார்ப்பதற்கென்றே ஒரு சபை இருக்கிறது. ராஜ்ய சபாவுக்கு மாநிலங்களவை என்று பெயர் வைத்ததன் பொருள் அதுதான். 245 இடங்கள் கொண்ட அந்தச் சபையில் தமிழ்நாட்டுக்கு 18 இடங்கள். அங்கே பஞ்சாப் மண்டிக்கும் பூந்தமல்லிக் கீரைக்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துச் சொல்லி, மசோதாவைச் சல்லடையில் போட்டுச் சலித்திருக்க வேண்டும்.

நடந்தது என்ன? ஜூன் 5ஆம் தேதியே இவை அவசரச் சட்டங்களாக வந்துவிட்டன. செப்டம்பர் 17ஆம் தேதி லோக் சபா இரண்டையும் நிறைவேற்றியது. பஞ்சாபைச் சேர்ந்த மந்திரி ஹர்சிம்ரத் கௌர் பாதல் அன்றே ராஜினாமா செய்தார். மூன்று நாள் கழித்து மேல்சபைக்கு வந்தபோது, மசோதாக்களைத் தெரிவுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் தீர்மானம் கொடுத்தன. கொடுத்தவர்களில் தமிழ்நாட்டின் திருச்சி சிவாவும் ஒருவர். நோய்க் காலம் என்பதால் சபை பகல் ஒரு மணிக்கு முடிய வேண்டும். மந்திரி நரேந்திர சிங் தோமரின் பதிலை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று எதிர்க்கட்சியினர் கேட்டார்கள். தலைமை வகித்த துணைத்தலைவர் ஹரிவன்ஷ் நேரத்தை நீட்டித்து அன்றே முடிக்க முற்பட்டார். வாக்குகளை எண்ண வேண்டும் என்ற கோரிக்கையும் ஏற்கப்படவில்லை. 'ஆம்' என்போரும் 'இல்லை' என்போரும் கூச்சலிட, குரல் வாக்கில் இரண்டும் நிறைவேறியதாக அறிவிக்கப்பட்டது. உறுப்பினர்கள் சபையின் நடுவே இறங்கினார்கள், விதிப் புத்தகம் கிழிக்கப்பட்டது, மைக்குகள் பிடுங்கப்பட்டன. மறுநாள் எட்டு எம்.பி.க்கள் சஸ்பெண்ட் செய்யப்பட்டனர்.

அவரவர் இடத்தில் இருந்து கேட்டால்தான் வாக்கெண்ணிக்கை என்று துணைத்தலைவர் தரப்பில் சமாதானம் சொல்லப்பட்டது. புத்தகத்தைக் கிழித்ததும் மேஜை மீது ஏறியதும் எவ்விதத்திலும் நியாயமல்ல. ஆனால் இரண்டு தவறுகளும் சம எடை உள்ளவை அல்ல. கூச்சல் போட்டவர்களை மறுநாள் தண்டிக்க முடிந்தது. எண்ணாமல் விட்ட வாக்கை மறுநாள் எண்ண முடியவில்லை. இடைவெளி விட்டு உட்காருவதற்காக உறுப்பினர்கள் இரு சபை மண்டபங்களிலும் காலரிகளிலும் பிரிந்து அமர்ந்திருந்தார்கள். சீட்டுக் கொடுத்து எண்ணியிருந்தால் சற்றுக் கூடுதல் நேரம் ஆகியிருக்கும், அவ்வளவுதான். ஆளுங்கட்சிக்கு அந்தச் சபையில் தனிப் பெரும்பான்மை இல்லாத நேரம் அது. எண்ணியிருந்தால் மசோதா தோற்றிருக்கும் என்று சொல்வதற்கில்லை, ஜெயித்தும் இருக்கலாம். அப்படி ஜெயித்திருந்தால் அதன் பலம் வேறாக இருந்திருக்கும். யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார் என்பதும் ஊர் அறிய எழுத்தில் நின்றிருக்கும்.

நிதானமாகச் செய்த சட்டம் எப்படி நிற்கிறது என்பதற்கு 2013ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டமே சான்று. சென்னைக்கு மேற்கே நிலம் வைத்திருப்பவர்களுக்கு இதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அந்த மசோதா 2011 செப்டம்பரில் லோக் சபாவுக்கு வந்தது. நிலைக்குழு அதை மாதக்கணக்கில் ஆராய்ந்தது. ராஜ்ய சபா 2013 செப்டம்பர் 4ஆம் தேதி வாக்குகளை எண்ணி, 131க்கு 10 என்ற கணக்கில், சில திருத்தங்களுடன் நிறைவேற்றியது. அத்திருத்தங்களை லோக் சபா மறுநாள் ஏற்றுக்கொண்டது. 2014 டிசம்பரில் மத்திய சர்க்கார் ஓர் அவசரச் சட்டத்தின் மூலம், சில வகைத் திட்டங்களுக்கு நில உடைமையாளரின் சம்மதம் தேவையில்லை என்று மாற்றியது. லோக் சபா அதற்கு மசோதாவும் நிறைவேற்றிக் கொடுத்தது. மேல்சபையில் அதற்குப் போதிய ஆதரவு இல்லை. விஷயம் கூட்டுக் குழுவுக்குப் போயிற்று. 2015 ஆகஸ்ட் 31ஆம் தேதி அவசரச் சட்டம் காலாவதியாயிற்று. (நெடுஞ்சாலைக்கும் தொழிற்பேட்டைக்கும் நிலம் எடுப்பதைத் தமிழ்நாடு தன் சொந்தச் சட்டங்களின் கீழேயே வைத்துக்கொண்டது தனிக் கதை.) மேல்சபை வெறும் ஆடம்பரம், கட்சிக்காரர்களுக்குப் பதவி கொடுக்கும் இடம் என்று பேசுவோர் இந்த ஒரு சம்பவத்தை மறந்துவிடுகிறார்கள்.

2020ஆம் ஆண்டின் சட்டங்களோ நடைமுறையில் வேரூன்றவே இல்லை. மூன்றாவதான அத்தியாவசியப் பொருள் திருத்த மசோதாவை ராஜ்ய சபா செப்டம்பர் 22ஆம் தேதி நிறைவேற்றியது. அதே மாதத்தில் ஜனாதிபதியும் கையெழுத்திட்டார். நவம்பர் 26ஆம் தேதி பஞ்சாப், ஹரியானா விவசாயிகள் டில்லியை நோக்கிக் கிளம்பி அதன் எல்லையில் உட்கார்ந்தார்கள். 2021 ஜனவரி 12ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு மூன்று சட்டங்களையும் நிறுத்தி வைத்து, விவசாயிகளின் கருத்தைக் கேட்க ஒரு குழு அமைத்தது. பாராளுமன்றக் குழு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை அது. ஆகஸ்ட் 28ஆம் தேதி தமிழ்நாடு சட்டசபை அச்சட்டங்களை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. கடைசியில் 2021 நவம்பர் 29ஆம் தேதி மூன்றையும் ரத்து செய்யும் மசோதாவை இரு சபைகளும் ஒரே நாளில் நிறைவேற்றின. அன்றும் முறையான விவாதம் நடக்கவில்லை. விவசாயிகளுக்குச் சாதகமாக முடிந்தது என்பதால் பலர் அதைக் குறையாக நினைக்கவில்லை. ஆதார விலைக்கு என்ன வழி, காய்கறி விவசாயியின் சந்தைக் கஷ்டத்துக்கு என்ன வழி என்பதையெல்லாம் அன்றாவது பேசியிருக்கலாம். அந்த வாய்ப்பும் போயிற்று. ஆவடியிலும் பட்டாபிராமிலும் மிஞ்சியிருக்கும் நஞ்சை புஞ்சைகளுக்கு அந்தக் கேள்விகள் இன்றும் பாக்கிதான்.

தெரிவுக் குழுவோ நிலைக்குழுவோ ஒரு மசோதாவை ஆராயும்போது, பத்திரிகைகளில் விளம்பரம் செய்து பொதுமக்களின் கருத்தைக் கேட்பது வழக்கம். விளைபொருள் வியாபாரம், விதை, மின்சாரம், நிலம் பற்றிய மசோதா அப்படி வரும்போது, உழவர் மன்றங்களும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் நான்கு வரியாவது எழுதி அனுப்ப வேண்டும். ஒரு கட்டு கீரை கொல்லையில் என்ன விலை, நகரத்தில் என்ன விலை, இடையில் யாருக்கு எவ்வளவு போயிற்று என்ற கணக்கை விவசாயியைத் தவிர வேறு யார் அங்கே சொல்லப் போகிறார்கள்? மேலும், ராஜ்ய சபாவின் 18 தமிழ்நாட்டு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பவர்கள் சட்டசபை உறுப்பினர்கள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எம்.எல்.ஏ.க்களுக்கும் அதில் ஓட்டு உண்டு. அவர்கள் ஏரி மதகு பார்க்கவோ, கிராம சபைக்கோ வரும்போது, விவசாய மசோதாவில் வாக்கை எண்ணச் சொல்லிக் கேட்கும் ஆளுக்குத்தான் ஓட்டுப் போடுவீர்களா என்று விவசாயிகள் கேட்கலாம்.