ஒற்றைச் சொல் தீர்ப்பு

இரண்டரை மணி நேரம் ஓடிய ஒரு திரைப்படத்தைப் பற்றி நம் இல்லங்களில் வழங்கப்படும் தீர்ப்பு எத்தனை சொற்களைக் கொண்டது? பெரும்பாலும் ஒன்றே ஒன்று. ‘போர்’, ‘சூப்பர்’, ‘மொக்கை’, ‘டைம்பாஸ்’. சற்றுத் தாராள மனத்தினராயின் ‘பரவாயில்லீங்க’. மறுநாள் காலை அதே சொல் கைப்பேசி வழியே உறவினருக்கும் உடன் பணிபுரிவோருக்கும் போய்ச் சேர்கிறது. படம் பார்த்தவர் நடுவே கால் மணி நேரம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார், பாடல்களை ஓட்டிவிட்டார், இறுதிக் காட்சியின்போது கண்ணயர்ந்துவிட்டார் என்னும் விவரங்கள் அச்செய்தியில் இடம்பெறுவதில்லை. தீர்ப்பு மட்டும் ஊர் சுற்றுகிறது.

“பொழுதுபோக்குக்காகப் பார்த்தோம், தோன்றியதைச் சொன்னோம். இதற்கொரு கட்டுரையா?” என வாசகர் சிலர் வினவக்கூடும். வினவட்டும். இது சிறு செய்தியன்று என்பதே நம் வாதம்.

திரைப்படத்தோடு கோவைக்குள்ள உறவு நேற்று முளைத்ததன்று. கோவையில் பிறந்து, திருச்சியில் தென்னிந்திய இரயில்வேயில் வரைவாளராகப் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ஆம் ஆண்டில் டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில மௌனப் படங்களையும் விலைக்கு வாங்கினார். இயேசுவின் வாழ்க்கையைக் காட்டும் படமும் அவற்றுள் ஒன்று. வேலையை விட்டுவிட்டு, கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டினார். 1914-இல் கோவையில் அவர் நிறுவிய வெரைட்டி ஹாலின் பெயரை அது நின்ற சாலை இன்றும் தாங்கியிருக்கிறது. பின்னர் சென்டிரல் ஸ்டுடியோ, பட்சிராஜா ஸ்டுடியோ என இம்மண்ணிலேயே படங்கள் உருவாயின. பட்சிராஜா தயாரித்த ‘மலைக்கள்ளன்’ 1954-இல் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்றது.

அந்நாளில் கொட்டகைக்குச் சென்றவர்கள் கூட்டமாகச் சென்றார்கள், கூட்டமாகத் திரும்பினார்கள். வழியெல்லாம் பேச்சு நடந்தது. பாட்டி ஒரு நியாயம் சொல்வார். பேரன் அதை மறுப்பான். வில்லன் செய்தது சரியா, கதாநாயகி பொறுத்துக்கொண்டிருக்க வேண்டுமா என்று வீடு வந்து சேரும்வரை வழக்கு நடக்கும். அக்கொட்டகைக்குப் பொற்காலம் என்று பட்டம் சூட்ட நாம் வரவில்லை. தரைச் சீட்டும் நாற்காலிச் சீட்டும் அங்கேயும் மனிதரைப் பிரித்தே வைத்தன. ஆயினும் ஒருவர் சொன்ன சொல்லுக்கு அங்கே மறுசொல் இருந்தது.

பிறகு படம் நம்மைத் தேடி வீட்டுக்கு வந்தது. ஞாயிறு மாலைத் தொலைக்காட்சிப் படம், வாடகைக்கு எடுத்த ‘டெக்’, குறுந்தட்டு எனப் படிப்படியாக வந்தது. கொரோனா ஊரடங்கின்போது, 2020 மே 29 அன்று, ‘பொன்மகள் வந்தாள்’ திரையரங்கைத் தொடாமலே நேராகக் கூடத்துக்குள் நுழைந்தது. இன்று ஒரே வீட்டில் நால்வர் நான்கு கருவிகளில் நான்கு படங்கள் பார்க்கின்றனர். பேச எவருமில்லை, ஆகவே பேச்சும் ஒரு சொல்லாய்ச் சுருங்கிவிட்டது.

அச்சொல் என்ன தீங்கு செய்கிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஜியோ பேபி இயக்கிய ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’ என்னும் மலையாளப் படம் 2021 ஜனவரியில் இணையவழியே வெளியாயிற்று. பாலக்காட்டுக் கணவாய்க்கு இப்பால் வாழும் நமக்கு அம்மொழி அந்நியமன்று. தமிழிலும் அது 2023-இல் மறுஆக்கம் பெற்றது. புதிதாய் மணமான ஒரு பெண் நறுக்குகிறாள், அரைக்கிறாள், சமைக்கிறாள், எச்சில் பாத்திரம் கழுவுகிறாள், மீண்டும் நறுக்குகிறாள். பாத்திரம் கழுவும் தொட்டியின் குழாய் ஒழுகுகிறது. ஆளை அழைத்துவரும்படி அவள் எத்தனை முறை சொன்னாலும் கணவனுக்கு அது நினைவில் நிற்பதில்லை.

இப்படத்தைப் பார்த்த வீடுகளில், “என்ன படமுங்க இது, அடுப்படியையே திருப்பித் திருப்பிக் காட்டறாங்க, ஒரே போரு” என்னும் குரல் சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்ததுண்டு. அக்குரல் எழுந்தபோது அவ்வீட்டுப் பெண்மணி எங்கே இருந்தார்? பெரும்பாலும் அடுப்படியில் இருந்தார். சலிப்பு அப்படத்தின் குறையன்று. அது சொல்ல வந்த செய்தியே அதுதான். இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாகப் பார்ப்பதற்கே நமக்குச் சலித்துப்போகும் வேலையை ஒருவர் நாற்பது ஆண்டுகள் செய்கிறாரே என்று கேட்கவேண்டிய இடத்தில், ‘போர்’ என்னும் சொல் கதவைச் சாத்திவிட்டது. அவ்வீட்டுப் பெண்மணிக்கு அப்படத்தைப் பற்றிச் சொல்ல ஏதேனும் இருந்திருக்கும். கேட்டவர் யார்? தொலையியக்கி யார் கையில் இருக்கிறதோ அவருடைய ரசனையே குடும்பத்தின் ரசனை என்றாகிவிட்டது.

இகழ்ச்சி மட்டுமே இவ்வாறு வாயடைக்கும் என எண்ண வேண்டாம். புகழ்ச்சியும் அப்படியே. 2021 நவம்பர் 2 அன்று, தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, ‘ஜெய் பீம்’ இணையவழியே இல்லங்களுக்கு வந்தது. காவல் நிலையத்தில் சித்திரவதைக்குள்ளாகி மாண்ட ஓர் இருளர் இன இளைஞனின் கதை அது. 1993-இல் நிகழ்ந்த ராசாக்கண்ணு வழக்கையும், அவ்வழக்கை நடத்தியவரும் பின்னாளில் உயர்நீதிமன்ற நீதிபதியானவருமான கே. சந்துருவையும் அடியொற்றி எழுந்தது. பார்த்தவர்கள் கண்ணீர் விட்டார்கள். ஐ.எம்.டி.பி. என்னும் இணையத்தளத்தில் பார்வையாளர் வழங்கிய மதிப்பெண் அம்மாதத்திலேயே பத்துக்கு 9.6 என உயர்ந்து, ‘தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்’ படத்தையும் விஞ்சிற்று.

மகிழ்ச்சிதான். ஆனால் பத்துக்குப் பத்து வழங்கிய பிறகு என்ன செய்தோம்? உண்மையில் மாண்ட ராசாக்கண்ணு குறவர் இனத்தவர்; படத்தில் ஏன் இருளராகக் காட்டப்பட்டார் என்ற கேள்வி நாளிதழ்களில் எழுந்தது. நம் கூடங்களில் எழுந்ததா? கோவைக்கு மேற்கே ஆனைக்கட்டி மலைப்பகுதியில் இருளர் ஊர்கள் உள்ளன. பேருந்து ஏறினால் பிற்பகலுக்குள் போய்த் திரும்பிவிடலாம். அங்குள்ள பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குச் செல்கிறார்கள், சாதிச் சான்றிதழ் கிடைக்கிறதா, நிலப்பட்டா இருக்கிறதா என்று அத்தீபாவளியன்று எத்தனை குடும்பங்கள் பேசிக்கொண்டன? சாய்வு நாற்காலியில் அமர்ந்து அழுவது எளிது. அழுதுவிட்டோம் என்பதாலேயே கடமை தீர்ந்தது என எண்ணிக்கொள்வது அதைவிட எளிது. ‘சூப்பர்’ என்னும் சொல் சில வேளைகளில் ‘போர்’ என்பதைவிடக் கொடியது. ‘போர்’ படத்தைத்தான் புறந்தள்ளுகிறது. ‘சூப்பர்’ படத்தை மெச்சிவிட்டு, படம் சுட்டிய மனிதரைப் புறந்தள்ளுகிறது.

அப்படியானால் பார்ப்பவர் வாய் திறக்கவே கூடாது என்கிறோமா? இல்லவே இல்லை. 2024-இல் பெரும் பொருட்செலவில் வெளியான படங்கள் கடும் விமர்சனத்துக்குள்ளானபோது, தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்கள் ஒரு கோரிக்கையோடு சென்னை உயர்நீதிமன்றத்தை நாடினர். படம் வெளியாகி மூன்று நாட்கள்வரை இணையத்தில் விமர்சனம் வெளியிடத் தடை வேண்டும் என்றனர். அவ்வாறு தடைவிதிக்க நீதிமன்றம் மறுத்தது. அம்மறுப்பை நாம் முழுமனத்தோடு வரவேற்கிறோம். காசு கொடுத்துப் பார்த்தவனுக்குக் கருத்துச் சொல்லும் உரிமை உண்டு. காசு கொடுக்காமல் பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தவனுக்கும் உண்டு. பல நூறு பேரின் உழைப்பு என்பதால் மட்டும் ஒரு படம் நல்ல படமாகிவிடாது. நாம் கேட்பது வேறு. சொல்லுங்கள், ஆனால் காரணத்தோடு சொல்லுங்கள் என்கிறோம். “எனக்குப் பிடிக்கவில்லை” என்பது ஒருவரின் மனநிலை. அதை எவரும் மறுக்க இயலாது. “படம் மோசம்” என்பது பிறர் உழைப்பின் மீது சொல்லும் சாட்சியம். முழுதும் பாராமல் சாட்சி சொல்பவரை எந்த மன்றம் ஏற்கும்?

இன்னொரு சாராரும் உண்டு. இவர்கள் ஒற்றைச் சொல்லுக்கும் முந்தியவர்கள். உடை எவ்வளவு, முத்தம் உண்டா, மதுப்புட்டி தெரிகிறதா என்று பார்த்துப் பெட்டியை அணைத்துவிடுவதே கிறிஸ்தவக் கடமை என எண்ணுபவர்கள். குழந்தைகள் எதைப் பார்க்கலாம் எனப் பெற்றோர் காத்துக்கொள்வது முறையே; அதில் நமக்கு வேற்றுமையில்லை. ஆனால் அந்த அளவுகோல் ஒன்றே போதுமா? திரைப்படத்தின் நூற்றாண்டையொட்டி 1995-இல் வத்திக்கான் 45 படங்களின் பட்டியலொன்றை வெளியிட்டது. வறுமையால் சைக்கிள் திருடத் துணிந்து, மகன் கண் முன்னே பிடிபடும் தந்தையின் கதையான ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ அதில் இடம்பெற்றுள்ளது. திருட்டைக் காட்டுகிறதே என்று அணைத்திருந்தால், அத்தந்தையின் கையைப் பற்றும் சிறுவனின் கையை நாம் கண்டிருக்கவே மாட்டோம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய ஏடு, கடமையைப் படைப்போர் மீது மட்டும் சுமத்தவில்லை. பார்ப்போருக்கும் கேட்போருக்கும் கடமையுண்டு என்கிறது. இளைஞர்கள் தாம் பார்த்ததை ஆழ்ந்து புரிந்துகொள்ளவும், ஆசிரியரோடும் அறிந்தோரோடும் கலந்து பேசவும், சரியாக மதிப்பிடவும் கற்க வேண்டும் என்கிறது. கலந்து பேசுவதையும் ஒரு கடமையாக அது கூறுகிறது என்பதைக் கவனியுங்கள். நம் அன்பியக் கூட்டங்களில் பேசாத பொருளில்லை. திங்களுக்கு ஒருமுறை, எல்லாக் குடும்பங்களும் பார்த்த ஒரு படத்தைப் பற்றி அரைமணி பேசினால் குறைந்தா போகும்?

அதற்கு முன் அவரவர் இல்லத்தில் தொடங்கலாம். பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். முழுதும் பாராத படத்துக்குத் தீர்ப்புச் சொல்வதில்லை என்பது ஒன்று. பிடித்தது, பிடிக்கவில்லை என்றால், எந்தக் காட்சி, ஏன் என்று ஒரு வாக்கியமாவது சேர்ப்பது மற்றொன்று. மூன்றாவதுதான் கடினமானது: குடும்பத் தலைவர் கடைசியாகப் பேச வேண்டும். “நீ என்ன நினைக்கிற, கண்ணு?” என்று முதலில் பத்து வயது மகளைக் கேளுங்கள். அடுத்து அவள் தாயைக் கேளுங்கள். அவர் எழுந்து சமையலறைக்குச் செல்ல முற்பட்டால், பாத்திரங்கள் அரைமணி காத்திருக்கட்டும், அல்லது நீங்கள் கழுவுங்கள். அவர்கள் சொல்வது உங்களுக்கு உவப்பாக இல்லாமலும் போகலாம். படத்தைப் பற்றித் தொடங்கிய பேச்சு உங்கள் வீட்டைப் பற்றியதாக மாறவும் கூடும். மாறினால் தடுக்காதீர்கள், அவர்கள் பேசி முடிக்கும்வரை கேளுங்கள்.