'நர்ஸிங்காவது' கிடைக்குமா?

தலைநகரின் தமிழ்ப் பள்ளிகளில், லோதி சாலையாகட்டும் ஜனக்புரியாகட்டும், உயிரியல் எடுத்து ப்ளஸ் டூ படிக்கும் மாணவியிடம் என்னவாகப் போகிறாய் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: டாக்டர். ஜூன் மாதம் நீட் மதிப்பெண் வெளியானதும் பதில் மாறிவிடுகிறது. தனியார் மருத்துவக் கல்லூரியின் கட்டணம் அப்பாவின் வருங்கால வைப்புநிதியைவிடப் பெரியது என்பது புரிந்ததும் வீட்டில் அடுத்த கேள்வி எழுகிறது. "சரி, நர்ஸிங்காவது கிடைக்குமா?"

அந்த 'ஆவது'வில் இருக்கிறது கோளாறு. ஏதோ கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் படிப்பு போலவும், முதல் பரிசு தவறியவர்களுக்கான ஆறுதல் பரிசு போலவும் அது தொனிக்கிறது. இரண்டுமே தவறு. தில்லியின் நல்ல அரசு நர்ஸிங் கல்லூரிகளில் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. அந்தக் கல்லூரிகள் யாருடைய தோல்விக்கும் ஒத்தடம் கொடுக்க ஆரம்பிக்கப்பட்டவையும் அல்ல.

கதை 1946-ல் தொடங்குகிறது. நாட்டின் மருத்துவ வசதிகளை ஆராய்ந்த போர் குழு அந்த ஆண்டு அறிக்கை தந்தது. பிரிக்கப்படாத இந்தியாவில் சுமார் 6,300 பேருக்கு ஒரு டாக்டர். நர்ஸோ சுமார் 43,000 பேருக்கு ஒருவர். டாக்டர் பஞ்சத்தைவிட நர்ஸ் பஞ்சம் பல மடங்கு பெரிது என்று அப்போதே எண்ணிக்கை சொன்னது. அதே 1946-ல் இந்தியாவில் இரண்டு இடங்களில் நர்ஸிங் பட்டப்படிப்பு தொடங்கியது. ஒன்று தில்லியில், மத்திய அரசின் கல்லூரியில். மற்றொன்று வேலூரில், ஐடா ஸ்கடர் வளர்த்த கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில். பிறந்த ஆண்டைப் பார்த்தால் தில்லியும் வேலூரும் இரட்டைப் பிள்ளைகள்.

தில்லிக் கல்லூரி இன்று லாஜ்பத் நகரில், சுதந்திர இந்தியாவின் முதல் சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌரின் பெயரில் இருக்கிறது. 1956-ல் எய்ம்ஸ் எனப்படும் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் உருவானதிலும் அவர் பங்கு பெரியது. சிம்லாவில் இருந்த தமது குடும்ப மாளிகையையே எய்ம்ஸ் ஊழியர்களும் நர்ஸ்களும் ஓய்வெடுத்துக்கொள்ள எழுதிக் கொடுத்தார். நர்ஸை எங்கே வைத்துப் பார்த்தார் என்பதற்கு அந்த வீடே சாட்சி.

சரி, இன்று உள்ளே நுழைவது எப்படி? பெற்றோர் தடுமாறுவது இங்கேதான். தில்லியில் மாணவிகள் அதிகம் விரும்பும் கதவுகள் மூன்று. மூன்றுக்கும் சாவி வேறு வேறு.

முதல் கதவு எய்ம்ஸ். இதற்கு நீட் பயன்படாது. எய்ம்ஸ் தனியே நுழைவுத் தேர்வு நடத்துகிறது. ஆங்கிலம், இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்து 55 சதவீதம் வாங்கியிருக்க வேண்டும். தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கு 50. தேர்வு இரண்டு மணி நேரம், 100 கேள்விகள். மூன்று அறிவியல் பாடங்களிலும் தலா 30, பொது அறிவில் 10. அண்மை ஆண்டுகளில் விண்ணப்பத்தை இரண்டு படியாக வாங்கியிருக்கிறார்கள். முதலில் அடிப்படைப் பதிவு. அது ஏற்கப்பட்ட பிறகு இறுதிப் பதிவும் கட்டணமும். முதல் படிக்கான தேதியைத் தவறவிட்டால் இரண்டாவது படியே கிடையாது. நீட் முடிவு வரட்டும், அப்புறம் யோசிக்கலாம் என்று காத்திருக்கும் வீட்டில் முதலில் அடைபடும் கதவு இதுதான்.

இரண்டாவது, தில்லிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராஜ்குமாரி அம்ரித் கௌர், அகில்யாபாய் போன்ற நர்ஸிங் கல்லூரிகள். இங்கே அண்மைக் காலமாக நீட் மதிப்பெண்தான் அளவுகோல். நீட் எழுதினால் மட்டும் போதாது. பல்கலைக்கழகத்தில் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். இதை அறியாமல், "மதிப்பெண் இருக்கிறது, அவர்களே கூப்பிடுவார்கள்" என்று உட்கார்ந்திருப்பவர்களை யாரும் கூப்பிடுவதில்லை.

மூன்றாவது ராணுவம். ராணுவ நர்ஸிங் சேவைக்கு ஆறு நகரங்களில் கல்லூரிகள். மொத்தம் 220 இடங்கள். அதில் தில்லி ராணுவ ஆஸ்பத்திரிக்கு 30. நீட் மதிப்பெண்ணை வைத்து வடிகட்டுகிறார்கள். பிறகு பொதுப் புத்திக்கூர்மை மற்றும் ஆங்கிலத் தேர்வு, உளவியல் மதிப்பீடு, நேர்முகம், உடல் பரிசோதனை. படிப்பு முடிந்ததும் ராணுவத்தில் பணியாற்ற ஒப்பந்தம் எழுதித் தர வேண்டும். தந்தைமார் கட்டணத்தைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்திடுவது சரியல்ல. கையெழுத்து மகளின் பல ஆண்டு வாழ்க்கைக்கு.

சேவை விதிகளைப் படிக்க வேண்டும் என்பதற்கு நீதிமன்றத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. 1988-ல் திருமணம் செய்துகொண்ட காரணத்தால் ராணுவ நர்ஸிங் அதிகாரி ஒருவர் வேலையை விட்டு அனுப்பப்பட்டார். அப்படி அனுப்ப அன்று விதி இருந்தது. 1995-ல் அந்த விதி விலக்கிக்கொள்ளப்பட்டது. ஆனால் அவருக்கு நியாயம் கிடைக்க 2024 பிப்ரவரி வரை ஆயிற்று. அது பெண்களுக்கு எதிரான அப்பட்டமான பாகுபாடு என்று கூறிய சுப்ரீம் கோர்ட், அவருக்கு 60 லட்ச ரூபாய் தர உத்தரவிட்டது. பணம் வந்தது, வேலை பார்த்திருக்க வேண்டிய ஆண்டுகள் வரவில்லை.

இந்த மூன்று கதவுகளும் பெண்களுக்கு மட்டும். நர்ஸாக விரும்பும் பையன் வேறு கல்லூரிகளைத்தான் நாட வேண்டும். நோயாளிகளில் பாதிப் பேர் ஆண்களாக இருக்கும் நாட்டில் இது விசித்திரம்தான்.

இவ்வளவு நெரிசல் ஏன்? சம்பளம்தான் காரணம். எய்ம்ஸ் போன்ற மத்திய அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸிங் ஆபீசரின் தொடக்க அடிப்படைச் சம்பளம், ஏழாவது சம்பளக் கமிஷன்படி, 44,900 ரூபாய், படிகள் தனி. தனியார் ஆஸ்பத்திரிகளின் கதை வேறு. அங்கே நர்ஸ்கள் சுரண்டப்படுவதாக வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய், 2016-ல் ஒரு நிபுணர் குழு அமைந்தது. எந்தத் தனியார் ஆஸ்பத்திரியிலும் நர்ஸின் மாதச் சம்பளம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றும், 200 படுக்கைகளுக்கு மேல் உள்ளவை மாநில அரசுக்கு இணையாகத் தர வேண்டும் என்றும் அது சிபாரிசு செய்தது. குறைந்தபட்சம் இருபதாயிரமாவது கொடுங்கள் என்று ஒரு குழு உட்கார்ந்து சொல்ல வேண்டியிருந்தது என்றால், அதற்குக் கீழே எத்தனை பேர் வாங்கியிருப்பார்கள் என்பதை ஊகிப்பது கடினமல்ல. இங்கேயும் ஓர் 'ஆவது'!

ஆக, வரிசையில் இரண்டு வகை மாணவிகள் நிற்கிறார்கள். ஒருத்தி சிறு வயதிலிருந்து நர்ஸாக நினைத்தவள். மற்றொருத்தி டாக்டராக நினைத்து, கோச்சிங் வகுப்பில் இரண்டு ஆண்டு உழைத்து, சில மதிப்பெண்ணில் தவறியவள். 2024-ல் நீட் எழுதியவர்கள் 23 லட்சத்துக்கும் அதிகம், நாட்டின் எம்.பி.பி.எஸ். இடங்கள் அப்போது ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டின. தவறியவர்களின் கூட்டம் எவ்வளவு பெரியது என்பதை இதிலிருந்தே கணக்கிடலாம். டாக்டர்களைத் தேர்ந்தெடுக்க உருவான ஒரு தேர்வின் பட்டியலில் இருந்து நர்ஸ்களையும் எடுக்கும்போது, கோச்சிங்குக்குப் பணம் கட்டிய இரண்டாமவள் முன்னால் நிற்கிறாள். அவள் மீது குற்றமில்லை. நர்ஸிங்கை விரும்பியே வந்தவள் பின்னால் தள்ளப்படுவதுதான் வருத்தம்.

அதற்காக அறிவியல் வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. 500 மில்லி சலைனை நான்கு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். குழாயில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு. நிமிடத்துக்கு எத்தனை? ஏறக்குறைய 42. இரவு இரண்டு மணிக்கு, கண்கள் சொக்கும் நேரத்தில், இந்தக் கணக்கு தப்பக் கூடாது. ஆனால் அதே இரவில், வலிக்கிறது என்று சொல்லத் தயங்கும் மூதாட்டியின் முகத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். பாஷை தெரியாத நோயாளிக்குச் சைகையால் தைரியம் சொல்ல வேண்டும். இந்திய நர்ஸிங் கவுன்சில் இதை உணராமல் இல்லை. 2021-ல் அது வெளியிட்ட விதிமுறைகளில் நுழைவுத் தேர்வுக்கு 100 மதிப்பெண் வகுத்து, அதில் 20-ஐ நர்ஸிங் நாட்டத்துக்கும் 20-ஐ ஆங்கிலத்துக்கும் ஒதுக்கியது. நீட் தாளிலோ நாட்டத்துக்கு ஒரு கேள்விகூட இல்லை.

தமிழ்நாடு வேறு வழியில் போகிறது. அங்கே பி.எஸ்ஸி. நர்ஸிங்குக்கு ப்ளஸ் டூ மதிப்பெண்ணே அடிப்படை, நீட் இல்லை. மதிப்பெண்ணும் நாட்டத்தை அளப்பதில்லைதான். ஆனால் கோச்சிங்குக்குப் பணம் கட்ட முடியாத கிராமத்துப் பெண் அதில் வரிசைக்கு வரவாவது முடிகிறது.

தில்லியில் இடம் கிடைக்காதவர்கள் ஒன்றை மறந்துவிடக் கூடாது. எய்ம்ஸ் ஆஸ்பத்திரிகளுக்கு நர்ஸிங் ஆபீசர்களைத் தேர்ந்தெடுக்க 2020 முதல் நார்செட் என்ற பொதுத் தேர்வு நடக்கிறது. அங்கீகாரம் பெற்ற எந்தக் கல்லூரியில் பி.எஸ்ஸி. நர்ஸிங் முடித்து, கவுன்சிலில் பதிவு செய்தவர்களும் அதை எழுதலாம். ஆண்களுக்கும் 20 சதவீத இடம் உண்டு. மதுரையிலோ திருநெல்வேலியிலோ படித்த பெண் அதே 44,900 ரூபாய் நாற்காலியில் உட்கார முடியும். பதினேழு வயதில் சாத்தப்பட்ட கதவு இருபத்தொரு வயதில் இன்னொரு முறை திறக்கிறது. அதற்குத் தேவை, கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கிறதா, அதற்குச் சொந்தமாகவோ இணைப்பிலோ உண்மையான ஆஸ்பத்திரி இருக்கிறதா என்று சேருவதற்கு முன்பே நேரில் போய்ப் பார்ப்பது. நோயாளியே இல்லாத கட்டடத்தில் நர்ஸிங் படிப்பது, தண்ணீரில்லாத குளத்தில் நீச்சல் பழகுவது போல.

ப்ளஸ் டூ மகள் இருக்கும் வீட்டில் இந்த ஆண்டு ஒரு காரியம் செய்யலாம். நீட் முடிவுக்கு முன்பே, பிப்ரவரி மார்ச்சிலேயே, அவளை உட்காரவைத்துக் கேட்கலாம்: டாக்டர் கனவை ஒதுக்கிவைத்துவிட்டுப் பார்த்தால், நர்ஸ் வேலை உனக்குப் பிடிக்குமா? பிடிக்காது என்றால் வேறு படிப்பு எத்தனையோ இருக்கிறது. விருப்பமில்லாத நர்ஸால் அவளுக்கும் கஷ்டம், நோயாளிக்கும் கஷ்டம். பிடிக்கும் என்றால், எய்ம்ஸ் பதிவு தேதியைக் காலண்டரில் முதலில் குறித்துவைக்க வேண்டும்.

அதன்பின் அந்த வீட்டில் கேள்வியும் மாறும். 'ஆவது' உதிர்ந்து, "நர்ஸிங் கிடைக்குமா?" என்று மட்டும் கேட்பார்கள்.