ஓ.ஆர்.எஸ்.: பெயரை மீட்டால் மட்டும் போதுமா?

புது தில்லி: மூன்று எழுத்துகளைப் பற்றிய ஓர் உத்தரவை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் தேதி பிறப்பித்தது. பழச்சாறு, குடிப்பதற்குத் தயார் நிலையில் உள்ள பானங்கள் உள்ளிட்ட எந்த உணவுப் பொருளின் பெயரிலும் 'ஓ.ஆர்.எஸ்.' என்ற சொல் இடம்பெறக் கூடாது. முன்னொட்டாகவோ பின்னொட்டாகவோ, வணிகச் சின்னத்தின் பகுதியாகவோகூட அதைச் சேர்க்கக் கூடாது என்பதே அந்த உத்தரவின் சாரம்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது பெட்டியின் மேல் ஒட்டப்படும் பெயர்ச்சீட்டைப் பற்றிய விவகாரம். ஆனால், அந்தச் சீட்டை நம்பி மருந்துக் கடையில் பானம் வாங்கிச் சென்றவர்களில் பலர், வயிற்றுப்போக்கால் சோர்ந்து கிடந்த குழந்தைகளின் பெற்றோர். உலகில் ஐந்து வயதுக்கு உள்பட்ட குழந்தைகளில் ஆண்டுக்கு 4.4 லட்சம் பேர் இன்றும் வயிற்றுப்போக்கால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அந்த இறப்புகளில் பெரும்பாலானவற்றைத் தடுக்கக்கூடிய மருந்தின் பெயர்தான் இத்தனை ஆண்டுகள் இனிப்புப் பானங்களின் மீது அச்சிடப்பட்டிருந்தது.

குடலின் கணக்கு

இந்த விவகாரத்தைப் புரிந்துகொள்ள, செரிமான மண்டலத்தைப் பற்றி மருத்துவ மாணவர்கள் தொடக்கத்திலேயே பயிலும் ஒரு பாடத்தை நினைவுகூர வேண்டும். நாள்தோறும் ஏறத்தாழ 8 முதல் 9 லிட்டர் நீர் நமது குடலுக்குள் வந்து சேர்கிறது. அதில் நாம் குடிப்பது சுமார் 2 லிட்டர் மட்டுமே. எஞ்சியவை உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தநீர், கணைய நீர், குடல் சுரப்புகள். இவ்வளவு நீரையும் குடல் மீண்டும் உறிஞ்சிக்கொள்வதால், மலத்தோடு வெளியேறுவது 200 மில்லிக்கும் குறைவே. காலரா போன்ற நோய்களில் குடலின் சுரப்பு கட்டுமீறிப் பெருகுகிறது. உறிஞ்சும் பணி அதற்கு ஈடுகொடுக்க இயலாமல் போகிறது. உடலின் நீரும் உப்பும் சில மணி நேரத்தில் வடிந்து, நோயாளி உயிருக்குப் போராடும் நிலைக்குத் தள்ளப்படுகிறார்.

ஆனால், இத்தகைய நோயிலும் சிறுகுடலில் ஒரு கதவு மூடப்படுவதில்லை. குளுக்கோஸையும் சோடியத்தையும் சேர்த்தே உள்ளே இழுக்கும் புரதம் அது. உப்பு மட்டும் கலந்த நீரால் பயன் குறைவு. உரிய அளவில் குளுக்கோஸ் சேரும்போது சோடியம் உள்ளே செல்கிறது. அதைத் தொடர்ந்து நீரும் செல்கிறது. குளுக்கோஸும் சோடியமும் இணைந்து பயணிக்கும் இந்த முறையை 1960-இல் அமெரிக்க உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் விளக்கினார். இந்தக் கண்டுபிடிப்பு, அந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாகவே இருக்கக்கூடும் என்று பிரிட்டனின் 'லான்செட்' மருத்துவ இதழ் 1978-இல் தலையங்கம் தீட்டியது.

ஆகவே, ஓ.ஆர்.எஸ். என்பது தாகம் தீர்க்கும் பானம் அன்று. அளவு பிசகக் கூடாத மருந்து. உலக சுகாதார நிறுவனம் 2002-இல் திருத்தி அமைத்த கலவையின்படி, ஒரு லிட்டர் நீருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம், சாதாரண உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம் என மொத்தம் 20.5 கிராம். இதில் சர்க்கரை மிகுந்தால் பலன் தலைகீழாகிறது. அடர்த்தி கூடிய இனிப்பு நீர் குடலை அடைந்ததும், அதை நீர்க்கச் செய்ய உடலிலிருந்தே நீர் குடலுக்குள் இழுக்கப்படுகிறது. போக்கு மேலும் பெருகுகிறது. சந்தையில் விற்கப்பட்ட சில பானங்களில், பரிந்துரைக்கப்பட்டதைப் போல எட்டு முதல் பத்து மடங்கு வரை சர்க்கரை இருந்ததாகக் குழந்தை நல மருத்துவர்கள் சுட்டிக்காட்டினர். தேவையான சோடியமோ அவற்றில் குறைவாக இருந்தது.

முகாமில் பிறந்த மருந்து

இந்த மருந்தின் வரலாற்றில் இந்தியாவுக்குத் தனி இடம் உண்டு. கொல்கத்தாவைச் சேர்ந்த மருத்துவர் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி, காலரா நோயாளிகளுக்கு வாய்வழியாகவே நீரேற்றம் அளித்த அனுபவத்தை 1953-இலேயே 'லான்செட்' இதழில் வெளியிட்டார். காலரா நஞ்சு எவ்வாறு செயல்படுகிறது என்பதை 1959-இல் நிறுவிய சம்புநாத் டேயும் அதே நகரத்தவர்தான்.

1971-இல் வங்கதேச விடுதலைப் போரின்போது ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் எல்லை தாண்டி வந்தனர். மேற்கு வங்கத்தின் பன்கான் முகாமில் காலரா பரவியது. நரம்பு வழியே செலுத்தும் திரவம் கையிருப்பில் தீர்ந்துகொண்டிருந்த நேரத்தில், மருத்துவர் திலீப் மஹலநாபிஸ் துணிந்து ஒரு முடிவெடுத்தார். உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் ஆகியவற்றை எடை போட்டுப் பொட்டலங்களாகக் கட்டி, பெரிய பீப்பாய்களில் கரைத்து, நோயாளிகளின் உறவினர்களையே ஊட்டச் செய்தார். அதுவரை 30 சதவீத அளவில் இருந்த இறப்பு, அவரது பொறுப்பில் இருந்தவர்களிடையே 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. 2022 அக்டோபரில் காலமான அவருக்கு, 2023-இல் பத்ம விபூஷண் விருதை அறிவித்துத் தேசம் பெருமை தேடிக்கொண்டது.

அந்த விருது அறிவிக்கப்பட்ட அதே காலகட்டத்தில்தான், அவர் உலகுக்கு நிரூபித்துக் காட்டிய மருந்தின் பெயரை இனிப்புப் பானங்களும் சுமந்துகொள்ள அரசின் ஒழுங்காற்று அமைப்பு இசைவு அளித்திருந்தது என்பது கவனத்துக்குரியது.

முன்னும் பின்னும் நகர்ந்த ஆணையம்

நிகழ்வுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஆணையத்தின் தடுமாற்றம் விளங்கும். ஓ.ஆர்.எஸ். எனத் தவறாகப் பொருள்படும் வகையில் பானங்களை விற்பதற்கு எதிராக 2022 ஏப்ரலில் ஆணையம் உத்தரவிட்டது. மூன்றே மாதங்களில், ஜூலை 14-இல், அந்த நிலை தளர்ந்தது. பதிவு செய்யப்பட்ட வணிகச் சின்னத்தின் பகுதியாக அச்சொல் முன்னொட்டுடனோ பின்னொட்டுடனோ வரலாம். ஆனால், இது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஓ.ஆர்.எஸ். கலவை அல்ல என்ற அறிவிப்பு பெட்டியில் இருக்க வேண்டும் என்று கூறப்பட்டது. 2024 பிப்ரவரியில் இது தொடர்பாக மேலும் ஓர் உத்தரவு வெளியானது. இவ்விரண்டையும்தான் 2025 அக்டோபர் உத்தரவு திரும்பப் பெற்றது.

பெயரைப் பெரிய எழுத்தில் போட்டுக்கொள்ளலாம், மறுப்பைச் சிறிய எழுத்தில் அச்சிட்டால் போதும் என்ற அந்த ஏற்பாடு யாருக்குப் பயன்பட்டது? நள்ளிரவில் மருந்துக் கடைக்கு ஓடி வரும் தந்தை, பெட்டியின் ஓரத்தில் ஆங்கிலத்தில் உள்ள வரியைத் தேடிப் படிப்பார் என்று கருதியது எவ்வகை நிர்வாகம்? இக்கேள்விகளை இடைவிடாது எழுப்பி வந்தவர் ஹைதராபாதைச் சேர்ந்த குழந்தை நல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ். ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் பிரசாரம் செய்த அவர், தெலங்கானா உயர் நீதிமன்றத்தில் பொதுநல மனுவும் தாக்கல் செய்தார். தனி ஒரு மருத்துவரின் விடாமுயற்சி செய்து முடித்ததை, சட்டபூர்வ அதிகாரமும் நிபுணர் குழுக்களும் கொண்ட ஓர் அமைப்பு தானாகச் செய்ய முன்வரவில்லை.

தடை உத்தரவை எதிர்த்து நிறுவனங்கள் தில்லி உயர் நீதிமன்றத்தை அணுகின. ஒரு நிறுவனத்தின் தரப்பைக் கேட்டு ஆணையம் முடிவு செய்யும் வரை அதற்கு இடைக்கால நிவாரணம் கிடைத்தது. ஆனால், அக்டோபர் இறுதியில் அந்நிறுவனத்தின் கோரிக்கையை ஆணையம் நிராகரித்தது. மற்றொரு நிறுவனம் தொடர்ந்த வழக்கில், பொது சுகாதாரம் சார்ந்த இத்தடையில் தலையிட நீதிமன்றம் மறுத்துவிட்டது. நவம்பர் 19-இல், கடைகளிலிருந்தும் இணையவழி விற்பனைத் தளங்களிலிருந்தும் இத்தகைய பானங்களை அகற்றுமாறு மாநிலங்களுக்கு ஆணையம் அறிவுறுத்தியது.

யார் பொறுப்பு?

இங்குதான் இந்திய நிர்வாகத்தின் பழைய சிக்கல் தலைகாட்டுகிறது. ஓ.ஆர்.எஸ். ஒரு மருந்து என்பதால், அது 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகு சாதனப் பொருள்கள் சட்டத்தின் கீழ் வருகிறது. அதே பெயரைத் தாங்கிய பானமோ உணவுப் பொருள் என்ற வகையில் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்றது. இரண்டையும் கண்காணிக்கும் அமைப்புகள் ஒரே சுகாதார அமைச்சகத்தின் கீழ்தான் உள்ளன. இருந்தும், மருந்துப் பிரிவு பாதுகாக்க வேண்டிய பெயரை உணவுப் பிரிவு பல ஆண்டுகள் பிறருக்கு விட்டுக்கொடுத்தது.

உத்தரவு தில்லியில் பிறந்தாலும், அதை நிறைவேற்ற வேண்டியவர்கள் மாநில உணவுப் பாதுகாப்பு ஆணையர்களும் மாவட்ட அதிகாரிகளுமே. தவறான பெயரிட்ட உணவுக்கு 3 லட்சம் ரூபாய் வரையிலும், தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்கச் சட்டம் வகை செய்கிறது. பெரும் நிறுவனங்களுக்கு இத்தொகை பொருட்டே அல்ல. ஆய்வாளர்கள் கடைகளுக்குச் சென்று பார்த்தால்தான் உத்தரவுக்கு உயிர் வரும்.

கேட்டால் கிடைக்கும் மருந்து

பெயர்ப் பிரச்னை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு, 2024 பிப்ரவரியில் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஓர் ஆய்வு விடை தருகிறது. கர்நாடகத்திலும் பிகாரிலும் 253 ஊர்களில் உள்ள 2,000-க்கும் மேற்பட்ட தனியார் மருத்துவச் சேவையாளர்களிடம், வயிற்றுப்போக்கு கண்ட இரண்டு வயதுக் குழந்தையின் தந்தையைப் போல நடிக்கப் பயிற்சி பெற்றவர்கள் அனுப்பப்பட்டனர். ஓ.ஆர்.எஸ்.தான் உரிய சிகிச்சை என்பது மருத்துவம் பார்ப்போருக்குத் தெரியாமல் இல்லை. இருந்தும் பலர் அதை எழுதித் தரவில்லை. கையிருப்பு இல்லாததோ, பிற மருந்துகளை விற்றுக் கிடைக்கும் லாபமோ இதற்கு முதன்மைக் காரணமாக இருக்கவில்லை. நோயாளியின் வீட்டார் ஓ.ஆர்.எஸ்.ஸை விரும்ப மாட்டார்கள் என்று மருத்துவர்கள் தாங்களாகவே எண்ணிக்கொண்டதே பெரிய தடை. அதை விரும்புவதாக வந்தவர்கள் வாய்விட்டுச் சொன்னபோது, பரிந்துரைப்பது 27 சதவீதப் புள்ளிகள் உயர்ந்தது.

இந்த முடிவின் உட்பொருள் தெளிவானது. 'ஓ.ஆர்.எஸ். கொடுங்கள்' என்று மக்கள் பெயர் சொல்லிக் கேட்பதே இந்நோய்க்கு எதிரான வலிமையான ஆயுதம். அப்படிப் பெயர் சொல்லிக் கேட்டவர்களின் கையில் வண்ணப் பெட்டியில் அடைத்த சர்க்கரை நீர் திணிக்கப்பட்டது என்றால், அந்த ஆயுதமே முனை மழுக்கப்பட்டது என்றுதான் பொருள். மலிவான பொட்டலத்தைக் கேட்டவர், கூடுதல் விலை கொடுத்து, குறைந்த பலனையோ கேட்டையோ வாங்கிச் சென்றார்.

இன்னும் எட்ட வேண்டிய தூரம்

2019-21-இல் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, வயிற்றுப்போக்கு கண்ட ஐந்து வயதுக்கு உள்பட்ட குழந்தைகளில் ஓ.ஆர்.எஸ். பெற்றோர் சுமார் 61 சதவீதம். முந்தைய ஆய்வில் இது 51 சதவீதம். முன்னேற்றம்தான், ஆனால் பத்தில் நான்கு குழந்தைகளுக்கு அது எட்டவில்லை. உடன் அளிக்க வேண்டிய துத்தநாக மாத்திரையைப் பெற்றவர்கள் பத்தில் மூன்று பேர் மட்டுமே. பெரும்பாலான வயிற்றுப்போக்குக்குப் பயன்படாத ஆன்டிபயாடிக் மருந்துகளோ தாராளமாக எழுதப்படுகின்றன.

ஓ.ஆர்.எஸ். இழந்த நீரை ஈடுசெய்யுமே தவிர, நோய் வருவதைத் தடுக்காது. தடுப்பில் சில நல்ல அடிகள் வைக்கப்பட்டுள்ளன. தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் கண்டறியப்பட்ட வைரஸ் வகையிலிருந்து உருவாக்கி, தில்லி, புணே, வேலூர் ஆகிய இடங்களில் சோதிக்கப்பட்ட ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து 2016-இல் ஆந்திரம், ஹரியாணா, ஹிமாசலம், ஒடிஸா ஆகிய நான்கு மாநிலங்களில் அரசுத் திட்டத்தில் சேர்க்கப்பட்டு, 2019-இல் நாடு முழுவதும் விரிவாக்கப்பட்டது. அதே ஆண்டு தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம், ஊரக வீடுகளில் 17 சதவீதமாக இருந்த குழாய் இணைப்பை 80 சதவீத அளவுக்கு உயர்த்தியுள்ளது. ஆனால், குழாய் வந்த வீடு என்பதும் தூய நீர் வந்த வீடு என்பதும் ஒன்றல்ல. கழிவுநீர் கலந்த குழாயின் வழியே நோயும் வீடு தேடி வரும்.

மத்திய சுகாதார அமைச்சகம் 2024-இல் 'வயிற்றுப்போக்கை நிறுத்துவோம்' இயக்கத்தைத் தொடங்கி, ஆஷா பணியாளர்கள் மூலம் ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களையும் துத்தநாக மாத்திரைகளையும் வீடுதோறும் வழங்க முனைந்தது. மழைக்கால இயக்கமாக மட்டும் இது முடிந்துவிடாமல், ஆண்டு முழுவதும் அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பொட்டலம் கிடைக்க வேண்டும். எழுதித் தராத மருத்துவரும், மாற்றித் தரும் கடைக்காரரும் கேள்வி கேட்கப்பட வேண்டும்.

பெயரை மீட்டது முதல் படி. முகாமின் பீப்பாயில் கரைத்த உப்பும் குளுக்கோஸும் ஆயிரக்கணக்கானோரைக் காத்தபோது அவற்றுக்கு விளம்பரம் இருக்கவில்லை. அளவு சரியாக இருந்தது, ஊட்டும் கை அருகில் இருந்தது. இவ்விரண்டையும் ஒவ்வொரு வீட்டுக்கும் உறுதி செய்வதே அரசின் கடமை. அதைச் செய்யாமல், மருந்தைக் கண்டவருக்கு விருது வழங்குவதால் மட்டும் அவருக்குரிய மரியாதை நிறைவடைந்துவிடாது.