எலும்பினுள் எரியும் அடுப்பு

வீட்டில் பாட்டியார் வழுக்கி விழுந்து தொடையெலும்பை முறித்துக்கொண்டால், "பால் குடியாத குறை" என்று நாம் உடனே தீர்ப்புக் கூறிவிடுகின்றோம். சுண்ணாம்புச் சத்தின் குறைவு ஒரு காரணமே. ஆயின் அதுவே முழுக் காரணமன்று. (பாலை நிறுத்திவிடலாமோ என்று சிறுவர்கள் மகிழவேண்டா!) கல்லும் சுண்ணாம்பும் குவிந்து கிடந்தாலும் கொத்தனார் சோர்ந்திருந்தால் சுவர் எழுவதெங்ஙனம்?

எலும்பு உயிருள்ள பொருள். பழைய பகுதி அரிக்கப்படுவதும் புதியது கட்டப்படுவதும் நாள்தோறும் நிகழ்கின்றன. கட்டும் கலங்கள் எலும்பு மச்சையிலுள்ள தண்டுக்கலங்களிலிருந்து தோன்றுபவை. மச்சைக் கலங்கள் புதிய எலும்பை ஆக்கவல்லன என்பதை 1960களில் மொஸ்கோவில் பிரீடன்ஸ்ரைன் என்னும் அறிஞர் காட்டினார். ஆனால் அதே தண்டுக்கலம் கொழுப்புக் கலமாகவும் மாறக்கூடும். அங்கேதான் சிக்கல்.

தண்டுக்கலம் தண்டுக்கலமாகவே இருக்கும்வரை அதற்குச் செலவு குறைவு. குளுக்கோசைப் பெரும்பாலும் ஒட்சிசனின்றி அரைகுறையாகச் சிதைத்தே காலங்கழிக்கின்றது. எலும்புக் கலமாக மாறத் தொடங்கியதும் அதனுள் இழைமணிகள் பெருகுகின்றன. ஒட்சிசன் செலவும் உயர்கின்றது. இழைமணி கலத்தின் அடுப்பு எனலாம். 1898 இல் ஜெர்மானியரான பெண்டா, இழை, மணி எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களை இணைத்து அதற்குப் பெயரிட்டார். ஆய்வுகூடத்தில் நஞ்சிட்டு அவ்வடுப்பை அவித்தால், தண்டுக்கலம் எலும்புக் கலமாவது தடைப்படுகின்றது.

உயிருள்ள உடலில் அடுப்புப் பழுதடைந்தால் என்னாகும்? இழைமணிக்கெனத் தனியே டி.என்.ஏ. உண்டு. அதனைப் படியெடுக்கும் நொதியம் தன் பிழையைத் தானே திருத்தவும் வல்லது. அத்திருத்தும் ஆற்றலை மட்டும் இழந்த எலிகளைச் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவக ஆய்வாளர் உருவாக்கி, 2004 இல் முடிவுகளை வெளியிட்டனர். அச்சுப்பிழை திருத்துவோர் விடுமுறையிற் சென்றால் பத்திரிகை என்ன பாடுபடும் என்பதை நாம் நன்கறிவோம். அவ்வெலிகளின் பாடும் அதுவே. ஏறத்தாழ 25 வாரத்திலேயே முதுமை தோன்றிற்று. மயிர் உதிர்ந்தது, முதுகு கூனிற்று, எலும்பு நலிந்தது. இரண்டாண்டளவு வாழவேண்டிய எலிகளுட் பாதி, ஏறக்குறைய 48 வாரத்துள் மாண்டன.

எலியின் கூனையும் பாட்டியாரின் கூனையும் ஒன்றென்று கூற நாம் துணியோம். அவ்வெலிகளிற் சேர்ந்த பிழைகள், இயல்பான முதுமையிற் காணப்படுவனவற்றினும் மிகப் பல. ஆயினும் வயது ஏறுந்தோறும் மச்சையிற் கொழுப்பு மிகுவதும் எலும்பு குறைவதும் மனிதரிடத்தும் உள்ளனவே. அவற்றுள் இழைமணியின் பங்கு எவ்வளவென்பதையே ஆய்வாளர் இப்பொழுது அளந்து வருகின்றனர்.