பிள்ளைகளின் கோவை யார் கையில்?

பத்திரங்களின் அருமையை இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு எவரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. 1990 இலும் 1995 இலும் 2009 இலும் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் தவறவிட்டவர்கள், அவற்றின் பிரதியைப் பெறக் கந்தோர் கந்தோராக அலைந்ததை நாம் அறிவோம்.

இன்று எமது பிள்ளைகளிடம் இன்னொரு விதமான பத்திரமும் சேர்ந்துள்ளது. பல்கலைக்கழகத்திலோ தொழிற்பயிற்சி நிலையத்திலோ படிக்கும் பிள்ளைகள் தாம் எழுதிய கட்டுரை, வரைந்த படம், தைத்த உடுப்பு, செய்த கணினி வேலை ஆகியவற்றை இணையத்தில் ஓரிடத்தில் ஒழுங்காகச் சேர்த்து வைக்கிறார்கள். வேலை கேட்டு விண்ணப்பிக்கும்போது அந்த இணைய முகவரியைக் கொடுக்கிறார்கள். இதனை இலத்திரனியல் கோவை எனலாம். சிபாரிசு செய்ய ஆளில்லாத பிள்ளைக்கு இக்கோவையே சிபாரிசு.

இதனை எங்கே வைப்பது? பெரும்பாலும் அழகையும் இலவசத்தையும் பார்த்தே மாணவர்கள் தீர்மானிக்கிறார்கள். வைத்ததைத் திரும்ப எடுக்க முடியுமா என்பதே முதற் கேள்வியாக இருக்க வேண்டும் என்பது எமது கருத்து. குத்தகைக் காணியில் தென்னை நடுபவர் எவரும் உடன்படிக்கையைப் பாராமல் நடுவதில்லை. இணையத்தில் கிடைக்கும் இடமும் பிறர் காணியே.

நடந்தவற்றைப் பாருங்கள். 1994 இல் தொடங்கி உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் தமது பக்கங்களை வைத்திருந்த ஜியோசிற்றீஸ் என்னும் இடத்தை, அதனை வாங்கிய யாகூ நிறுவனம் 2009 ஒக்டோபரில் மூடியது. மைஸ்பேஸ் என்னும் இடத்தில் பலர் ஏற்றி வைத்த பழைய பாடல்களும் படங்களும் அழிந்துபோனமை 2019 இல் தெரியவந்தது. இரண்டு வருடம் பயன்படுத்தாத தனிப்பட்ட கணக்குகளை அழிக்கலாம் என்பது கூகிள் நிறுவனம் 2023 இல் அறிவித்த விதி. பல கல்வி நிறுவனங்கள் தாம் வழங்கிய கணக்கைப் படிப்பு முடிந்த பின் நிறுத்திவிடுகின்றன. கணக்குப் போனால் அதற்குள் இருந்த வேலையும் போகும்.

எல்லா இடமும் ஒரே மாதிரியல்ல. வேர்ட்பிரஸ் என்பதில் எழுதியவற்றை வெளியே எடுத்து வேறிடத்தில் மீண்டும் நிறுவலாம். 2006 இல் நியூசிலாந்தில் தொடங்கப்பட்ட மஹாரா, மாணவர் கோவைக்கென்றே உருவானது. அதிலிருந்தும் கோவையை முழுமையாக எடுத்துச் செல்லலாம். விக்ஸ் என்பதில் அழகான பக்கத்தை விரைவில் அமைக்கலாம். ஆனால் அப்பக்கத்தை அப்படியே பெயர்த்து வேறிடத்தில் வைக்க வழியில்லை.

இரண்டாவது கேள்வி, திறப்பு யாரிடம் என்பது. கடையில் இருப்பவரோ நண்பரோ மின்னஞ்சல் திறந்து கொடுத்தால் கடவுச்சொல் அவரிடமே இருந்துவிடும். கைவிட்ட தொலைபேசி இலக்கத்தோடு கணக்கும் கைவிட்டுப் போகலாம். கடவுச்சொல்லைப் பிள்ளையே மாற்றி, ஒரு கொப்பியில் எழுதி வீட்டில் பத்திரப்படுத்த வேண்டும்.

மூன்றாவது, செலவு. முதல் வருடம் மலிவாகக் கிடைப்பது அடுத்த வருடம் முழு விலைக்கு வரலாம். கட்டணம் டொலரில் என்றால், 2022 இல் ரூபா விழுந்தபோது நேர்ந்ததை நினைவிற்கொள்வது நல்லது.

நான்காவது, எதைக் காட்டுவது. கோவையை எவரும் பார்க்கலாம். தேசிய அடையாள அட்டை, வீட்டு முகவரி, காணி உறுதி, அனுமதி பெறாத பிறரின் படங்கள் ஆகியவை அங்கே இருக்கலாகாது.

'இப்போது வேலைதான் அவசரம். பத்து வருடத்தின் பின் நடப்பதை யார் கண்டார்?' என்று பிள்ளைகள் கேட்பது நியாயமே. அவசரத்துக்கு இலகுவான இடத்தையே தெரிவு செய்யட்டும். ஆனால் ஒவ்வொரு தவணை முடிவிலும் எல்லாவற்றையும் ஒரு பென் ட்ரைவிலும் வேறொரு கணக்கிலும் பிரதி செய்ய வேண்டும். விதைநெல்லை முழுவதும் ஒரே வயலில் விதைப்பவர் எம்மிடையே இல்லை.

கல்வி நிறுவனங்களுக்கும் இதிற் பொறுப்புண்டு. கணக்கை நிறுத்துமுன் போதிய அவகாசம் கொடுத்து, வேலைகளை எடுத்துச் செல்லும் முறையையும் மாணவருக்குக் கற்பிக்க வேண்டும்.

கணினி தெரியாது என்று பெற்றோர் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. எடுக்கலாமா, திறப்பு யாரிடம், எவ்வளவு செலவு, யார் பார்ப்பார்? இந்த நான்கையும் கேட்பதற்குக் கணினி அறிவு தேவையில்லை. பிள்ளைகள் உழைத்துச் சேர்த்தது பிள்ளைகளின் கையிலேயே இருக்க வேண்டும். அதற்காகக் கேட்பது எமது கடமை.