மாணவிக்கு ‘புரோ’ தேவையா?

உயர்தர வகுப்பு தொடங்கியதும் எங்கள் வீடுகளில் மடிக்கணினிப் பேச்சும் தொடங்கிவிடுகிறது. நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ போகும் வாப்பாமார் கடையில் கேட்பது ஒன்றுதான்: “பிள்ளை படிக்கிறதுக்கு எது நல்லம்?” “புரோ போட்டதையே எடுங்க” என்று பதில் வந்தால் மறுக்க மனம் வராது. பிள்ளையின் படிப்பு என்றால் யார்தான் குறைந்ததை வாங்குவார்? ஆனால் ஒரு மாணவிக்கு ஹோம் பதிப்பே போதும் என்பது என் கருத்து.

விண்டோஸ் 11 பணிசெயல் முறைமையின் இந்த இரண்டு பதிப்புகளுக்கும் அடிப்படை ஒன்றே. ஒரே கணினியில் வேகத்திலும் வைரஸ் பாதுகாப்பிலும் தமிழ்த் தட்டச்சிலும் வேறுபாடு இல்லை. தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்துக்கு வேண்டிய பைதன், தரவுத்தளம், இணையப்பக்கம் எல்லாம் ஹோமிலேயே செய்யலாம்.

புரோவில் கூடுதலாக இருப்பவை எவை? பல கணினிகளை ஓரிடத்திலிருந்து நிர்வகிப்பது, தூரத்திலிருந்து நம் கணினிக்குள் நுழைந்து வேலை செய்வது போன்றவை. அவை அலுவலகத்துக்கும் கல்லூரிக் கணினிக்கூடத்துக்கும் உரியவை. நினைவகத்தில் ஹோம் 128 ஜிகாபைட் வரையும், புரோ 2 டெராபைட் வரையும் ஏற்கும். நம்மில் பலரிடம் இருப்பதோ வெறும் 8 ஜிகாபைட்!

“பிட்லொக்கர் புரோவில்தானே இருக்கிறது?” என்று தோழியர் கேட்கலாம். நியாயமான கேள்வி. கணினி ரயிலில் தொலைந்தால் நம் புகைப்படங்கள் யார் கையிலும் சிக்கக்கூடாது. பெண் பிள்ளைகளுக்கு இது சிறிய விடயமல்ல. ஆனால் வன்பொருள் இடம்கொடுத்தால் ஹோமிலும் சாதனக் குறியாக்கம் உண்டு. மைக்ரோசொப்ட் கணக்கால் உள்நுழைந்தால் அதைப் பயன்படுத்தலாம். வாங்கும்போதே அது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மீட்புச் சாவியின் 48 இலக்கங்களையும் ஒரு கொப்பியில் எழுதி வீட்டில் வையுங்கள்.

“சும்மாவே புரோ போட்டுத் தாறேன்” என்று யாராவது சொன்னால் இன்னும் கவனம் வேண்டும். அது பெரும்பாலும் திருட்டுப் பிரதி. பூட்டை உடைக்கும் மென்பொருளோடு வைரஸும் வீட்டுக்கு வரலாம்.

பெற்றோரே, மிஞ்சும் பணத்தில் நினைவகத்தைக் கூட்டுங்கள், எஸ்.எஸ்.டி. உள்ளதை எடுங்கள். அந்த வித்தியாசம் தினமும் தெரியும். நாளை வேலைக்குப் புரோ தேவைப்பட்டால், பணம் செலுத்தி அதே கணினியில் மாறிக்கொள்ளலாம், கோப்புகள் அழியாது.

இன்னொன்று: கடைக்குப் போகும்போது மகளையும் கூட்டிப் போங்கள். அந்தக் கணினியில் படிக்கப் போவது அவள்தானே, கேள்விகளையும் அவளே கேட்கட்டும்.