பெற்றோரின் குளியலறை: தொட்டியா, கைப்பிடிக் கம்பியா?



ஊரில் தனித்திருக்கும் பெற்றோருக்குக் கதவு வைத்த குளியல் தொட்டி ஒன்றை வாங்கி வைக்கலாமா என்று சபராளிப் பிள்ளைகள் சிலர் கேட்கத் தொடங்கியிருக்கின்றனர். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் முதியவர்களுக்கென்றே விற்கப்படும் பொருள் அது. சாதாரணத் தொட்டியில் விளிம்பைத் தாண்டிக் காலைத் தூக்கி வைத்து இறங்க வேண்டும். இதிலோ பக்கவாட்டில் ஒரு சிறு கதவு இருக்கும். அதைத் திறந்து உள்ளே சென்று, நாற்காலி போன்ற இருக்கையில் அமர்ந்து, கதவை மூடிக்கொண்டு தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களைப் பற்றிய செய்தி மாதந்தோறும் காதில் விழும் இக்காலத்தில், இப்படியொரு கேள்வி பிள்ளைகளின் மனத்தில் எழுவதே மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் அந்தத் தொட்டி நம் வீடுகளுக்கும், நம் தூய்மைச் சட்டங்களுக்கும் பொருந்தாது என்பதே என் கருத்து. அதற்கு ஆகும் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு குளியலறையின் தரையையும் சுவரையும் கதவையும் சீர்செய்தால், உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் அதைவிடப் பெரிய பாதுகாப்புக் கிடைக்கும்.

முதலில் தொட்டியின் இயல்பைப் பார்ப்போம். உள்ளே அமர்ந்து கதவை மூடிய பிறகுதான் தண்ணீரை நிரப்ப முடியும். தண்ணீர் முழுவதும் வடிந்த பிறகுதான் கதவைத் திறக்க முடியும். அதுவரை ஈர உடம்போடு அமர்ந்திருக்க வேண்டும். பல தொட்டிகளில் கதவு உட்புறமாகத் திறக்கிறது. உள்ளே ஒருவர் மயங்கிச் சாய்ந்துவிட்டால் அவரை வெளியே எடுப்பது எளிதன்று. கதவடியிலும் சில அங்குல உயரத்துக்கு ஒரு படி இருக்கவே செய்யும். கொள்ளளவோ பெரும்பாலும் 150 லிட்டர் முதல் 300 லிட்டர் வரை. நம் வீடுகளில் உள்ள கீசர் 15 லிட்டர் அல்லது 25 லிட்டர். 25 லிட்டர் வெந்நீரைப் பச்சைத் தண்ணீரோடு கலந்தால் இளஞ்சூட்டில் எழுபது லிட்டர் அளவுக்குக் கிடைக்கும். மீதிக்குக் கீசர் மறுபடியும் காய வேண்டும். அதற்குள் முதலில் ஊற்றியது ஆறிவிடும். கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் ஊர்களில் ஒரே ஒரு குளியலுக்கு இவ்வளவு நீர் என்பது வேறு வேதனை. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் உளூ செய்ததாகவும், ஒரு ஸாஉ முதல் ஐந்து முத்து வரையிலான நீரில் குளித்ததாகவும் புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. ஒரு முத்து என்பது ஏறத்தாழ முக்கால் லிட்டர். 200 லிட்டர் தொட்டி நீரில் அந்த அளவுப்படி ஐம்பது குளியலுக்கும் மேல் முடித்துவிடலாம்.

இதைவிட முக்கியமானது சட்டப் பிரச்சினை. ஷாஃபிஈ மத்ஹபில், இரண்டு குல்லத்துக்குக் குறைந்த நீரில் நஜீஸ் பட்டுவிட்டால், நிறமும் மணமும் சுவையும் மாறாவிட்டாலும் அந்நீர் நஜீஸாகிவிடும். இரண்டு குல்லத் என்பதை இன்றைய கணக்கில் 200 லிட்டரை ஒட்டிய அளவாகச் சொல்கின்றனர். ஹனஃபி மத்ஹபிலோ பத்து முழத்துக்குப் பத்து முழம் பரப்பில்லாத தேங்கிய நீர் சிறு நீராகவே கருதப்படும். அதன் சட்டமும் இதுவே. கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈகள், உள்நாட்டில் பெரும்பாலும் ஹனஃபிகள் என்று வாழும் நம்மில் எந்தப் பக்கத்தாருக்கும் இதில் சலுகை இல்லை. முதுமையில் பலருக்குச் சிறுநீர் தம்மையறியாமல் கசிகிறது. அப்படிப்பட்டவர் தொட்டி நீரில் அமர்ந்திருந்தால், நீர் வடிந்த பிறகு சுத்தமான தண்ணீரை உடம்பு முழுவதும் மீண்டும் ஊற்றிக் கழுவியாக வேண்டும். கடைசியில் எப்படியும் ஓர் இருக்கையும் ஒரு கை ஷவரும் தேவைப்படும் என்றால், இடையில் தொட்டி எதற்கு?

தொட்டி வாங்க நினைப்பவர்கள் குளியலை மட்டும் எண்ணிப் பார்க்கின்றனர். நம் வாப்பா குளிப்பது நாளுக்கு ஒருமுறை. உளூ செய்வதோ குறைந்தது ஐந்து முறை. அதில் ஒன்று, தூக்கக் கலக்கம் தெளியாத ஸுப்ஹு நேரத்தில். தஹஜ்ஜுத் தொழுபவராக இருந்தால் நள்ளிரவிலும் ஒருமுறை. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்பவர் படுக்கையிலிருந்து சட்டென எழுந்தால் தலை சுற்றும். அந்த நிலையில் மங்கிய வெளிச்சத்தில், ஈரத் தரையில், ஒற்றைக் காலில் நின்றுகொண்டு மறு காலை வாஷ்பேசினில் தூக்கி வைத்துக் கழுவுகிறாரே, ஆபத்து அங்கேதான் இருக்கிறது. உலகெங்கும் ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து உயிரிழப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவர்களுள் அறுபது வயதைக் கடந்தவர்களே மிகுதி. கழிப்பறையும் குளியலறையும் ஒன்றாக இருந்து, இஸ்தின்ஜாவுக்கும் உளூவுக்கும் குளியலுக்கும் ஒரே தரையில் நாள் முழுவதும் தண்ணீர் சிந்தும் வீடுகள் நம்முடையவை என்பதை இந்தக் கணக்கோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

நம் பழைய பள்ளிவாசல்களைக் கட்டியவர்கள் இதை அறிந்தே இருந்தனர். ஹவுளின் ஓரத்தில் உட்காரக் கல்திண்டு இருக்கும். அமர்ந்தபடியே முகமும் கையும் கழுவலாம். காலைத் தூக்காமலேயே கழுவலாம். கழுவிய நீர் கீழே உள்ள வாய்க்காலில் போய்விடும். இன்று பள்ளிவாசலில் ஹவுளுக்குப் பதில் குழாய் வந்தபோதும், குழாய்க்கு எதிரே இருக்கையை வைத்தே கட்டுகின்றனர். வீடு கட்டும்போது மட்டும் அந்த அறிவு எங்கோ போய்விடுகிறது. பத்து லட்ச ரூபாய்க்கு மார்பிள் பதித்த கூடமுள்ள வீட்டில் வாப்பா உட்கார்ந்து உளூ செய்ய ஒரு திண்டு இருக்காது. கழிப்பறை கிப்லாவை முன்னோக்காமலும் பின்னோக்காமலும் இருக்கிறதா என்று திசைகாட்டி வைத்துப் பார்த்துக் கட்டுகிறோம். அது நல்ல வழக்கம், விட வேண்டியதில்லை. அதில் காட்டும் கவனத்தில் பாதியையாவது அங்கே போய் உட்கார்ந்து எழப்போகிறவரின் முழங்காலுக்கும் காட்டலாம்.

மார்க்கம் தந்திருக்கும் ஒரு சலுகையை நாம் மறந்துவிட்டதும் இதில் சேர்ந்துகொள்கிறது. தபூக் பயணத்தில் நபி (ஸல்) அவர்கள் உளூ செய்தபோது முகீரா இப்னு ஷுஅபா (ரலி) அவர்கள் தண்ணீர் ஊற்றினார்கள். காலுறைகளைக் கழற்றக் குனிந்தபோது, தூய்மையான நிலையிலேயே அவற்றை அணிந்ததாகக் கூறித் தடுத்துவிட்டு, நபியவர்கள் அவற்றின் மேல் ஈரக்கையால் தடவிக்கொண்டார்கள். ஒரே நிகழ்ச்சியில் முதியோருக்குப் பயன்படும் இரண்டு சட்டங்கள் இருக்கின்றன: உளூவுக்கு இன்னொருவர் தண்ணீர் ஊற்றலாம், உளூவோடு அணிந்த தோல் காலுறையின் மேல் மஸஹு செய்யலாம். ஊரில் இருப்பவருக்கு இந்தச் சலுகை ஒரு பகல் ஓர் இரவு. தோல் காலுறையின் மேல் மஸஹு செய்வது நான்கு மத்ஹபுகளும் ஏற்றுக்கொண்ட சட்டம். காலையில் நிதானமாக அமர்ந்து, காலைக் கழுவி உளூவை முடித்துக் காலுறை அணிந்துகொண்டால், அன்று முழுவதும் காலைத் தூக்கிக் கழுவும் வேலையே இல்லை. நூல் காலுறைக்கு இதே சட்டம் பொருந்துமா என்பதில் விளக்கங்கள் உண்டு. அதை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

“இத்தனை நாள் கழுவினேன், இப்போது மட்டும் என்ன?” என்று சில பெரியவர்கள் பிடிவாதம் காட்டுவார்கள். தலையில் காயம்பட்ட ஒருவருக்குக் குளிப்புக் கடமையானபோது, சலுகை இல்லை என்று உடனிருந்தவர்கள் கூறியதால் அவர் குளித்து, அதனாலேயே மவுத்தானார். நபியவர்கள் அந்தத் தோழர்களை மிகக் கடுமையாகக் கண்டித்ததை ஜாபிர் (ரலி) அவர்கள் வழியாக அபூதாவூத் பதிவு செய்திருக்கிறது. இந்த ஹதீஸை அவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லிக் காட்டலாம்.

இனி, என்னென்ன செய்ய வேண்டும்? தரையை மேடு பள்ளமின்றி ஒரே மட்டமாக்கி, நீர் வடியும் திசையில் இலேசான சரிவு கொடுத்து, சொரசொரப்பான டைல்ஸ் பதிக்க வேண்டும். குளிக்கும் இடத்துக்கும் மற்ற இடத்துக்கும் நடுவே கட்டும் சிறு தடுப்பு மேடு கால் இடறவென்றே கட்டியதுபோல் இருக்கும், அதை எடுத்துவிடலாம். குளிக்கவும் உளூ செய்யவும் பயன்படும் இருக்கை ஒன்று, 17 முதல் 19 அங்குல உயரத்தில். சுவரோடு மடியும் இருக்கையும் கிடைக்கிறது. ரப்பர் கால்கள் கொண்ட கனமான முக்காலியும் போதும். கால் வழுக்கி விலகும் பிளாஸ்டிக் ஸ்டூல் மட்டும் வேண்டாம். அமர்ந்தவாறே எட்டும் உயரத்தில் குழாயும், நீண்ட குழல் கொண்ட கை ஷவரும் வேண்டும். கீசர் நீர் கையில் படும்போது 49 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாது. முதியவர்களின் தோல் மெல்லியது, சூடு உறைப்பதற்குள் வெந்துவிடும். கீசர் இணைப்புக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள்.

கதவைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. உட்புறமாகத் திறக்கும் கதவாக இருந்து, உள்ளே விழுந்தவர் அதன் மேலேயே சாய்ந்து கிடந்தால், வெளியிலிருந்து தள்ளித் திறக்க முடியாது. கதவை வெளிப்புறமாகத் திறக்கும்படி மாற்றிவிட வேண்டும். தாழ்ப்பாளும் வெளியிலிருந்து திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். படுக்கையிலிருந்து குளியலறை வரை இரவு முழுவதும் எரியும் சிறு விளக்கு ஒன்று.

கைப்பிடிக் கம்பியில்தான் மிகுதியாக ஏமாற்றம் நடக்கிறது. துண்டு காயப்போடும் கம்பியைக் காட்டி “இதைப் பிடித்துக்கொள்ளலாமே” என்பார்கள். அது ஈரத் துண்டைத் தாங்கச் செய்தது. விழப்போகிறவரின் எடையில் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். டைல்ஸில் ஒட்டும் உறிஞ்சு கிண்ணக் கைப்பிடிகளையும் நம்பக்கூடாது. ஒன்றேகால் முதல் ஒன்றரை அங்குலம் விட்டமுள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி, சுவருக்கும் அதற்கும் இடையில் ஒன்றரை அங்குல இடைவெளி, தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரம் என்பது அமெரிக்காவில் பின்பற்றப்படும் அளவு. திருகாணி டைல்ஸோடு நின்றுவிடாமல், உள்ளே செங்கல்லிலோ கான்கிரீட்டிலோ ஆழமாக இறங்கும் ஆங்கர் போல்டாக இருக்க வேண்டும். கழிப்பிடத்தின் பக்கத்தில் ஒன்று, உளூ இருக்கையின் பக்கத்தில் ஒன்று, நுழைவாயிலில் ஒன்று.

இவற்றையெல்லாம் எலும்பைக் காக்கும் ஏற்பாடாக மட்டும் நான் பார்க்கவில்லை. இடுப்பு முறிந்து படுத்துவிட்டவரை இன்னொருவர்தான் குளிப்பாட்ட வேண்டும், இஸ்தின்ஜா செய்துவிட வேண்டும். தந்தைக்கு மகனாக இருந்தாலும் தொப்புளுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்டது அவ்ரத்துதான். நிர்ப்பந்தத்துக்காகவே அங்கே அனுமதி. மகன்கள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் அந்தப் பொறுப்பு மருமகள் மீது விழுகிறது. மாமனாருக்கு அவள் மஹ்ரமானவள்தான். என்றாலும் அந்த வேளையில் இருவர் படும் சங்கடம் சொல்லில் அடங்காது. அறுபது ஆண்டுகள் தன் உடலை மறைத்து ஹயாவோடு வாழ்ந்த ஒருவர், கடைசிக் காலத்திலும் கதவைச் சாத்திக்கொண்டு தானே தன்னைச் சுத்தம் செய்துகொள்ள ஒரு கம்பியும் ஓர் இருக்கையும் உதவுமானால், அது நம் கடமைகளுள் ஒன்றாகவே எனக்குத் தோன்றுகிறது. பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 23, 24ஆம் வசனங்கள் முதுமையடைந்த பெற்றோரிடம் சலிப்புக் காட்டுவதையே தடுக்கின்றன. அவர்கள் அவமானப்படும் நிலை வராமல் காப்பது அதில் அடங்காதா?

பெரியவர்கள் இதற்கு எளிதில் இணங்க மாட்டார்கள். “நான் என்ன நோயாளியா?” என்பார்கள். அந்தச் சொல்லில் உள்ள வலியை மதிக்க வேண்டும். “வாப்பா, உங்களுக்காக” என்று தொடங்காதீர்கள். வீட்டில் எல்லோருக்கும் தேவை என்றோ, கர்ப்பிணியான மகளுக்கு உதவும் என்றோ சொல்லுங்கள், அது உண்மையும்கூட. கம்பியின் உயரத்தை அவர்களையே நிற்க வைத்து, கேட்டு, அவர்கள் கை வைக்கும் இடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். டைல்ஸ் காயும் நாட்களில் உளூவுக்கு வேறு இடத்தை முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிடுங்கள். காயாத தரையில் அவர்கள் கால் வைத்துவிடக்கூடாது. வேலை முடிந்ததும் கொத்தனாருக்குக் கூலி கொடுப்பதற்கு முன், ஒவ்வொரு கம்பியையும் பிடித்து உங்கள் முழு எடையையும் அதில் போட்டு இழுத்துப் பாருங்கள். இம்மியளவு அசைந்தாலும் அவரையே கொண்டு மறுபடியும் துளையிட்டுப் பொருத்தச் சொல்லுங்கள். உம்மாவின் கை அதன் பிறகு அதில் படட்டும்.